ஒரே தேன், இரண்டு குப்பி

ஒரே அடையில் எடுத்த தேனைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியைக் கழுவி வைத்த பழைய சாராயக் குப்பியிலும் மறு பாதியைத் தடித்த கண்ணாடிக் குப்பியிலும் ஊற்றிச் சாலையோர மேசையில் வைத்தால், இரண்டாவது குப்பிக்குக் கூடுதல் விலை கேட்கலாம். அதில் புதிர் இல்லை. கண்ணாடிக்கும் காசு உண்டு. இரண்டிலிருந்தும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னால்தான் புதிர் தொடங்குகிறது. கண்ணாடிக் குப்பித் தேன் கூடுதல் மணமாகவும் கெட்டியாகவும் இருப்பதாகச் சொல்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் விற்பவருக்காகப் பேசவில்லை. அவர்கள் நாக்குக்கே அப்படித்தான் படுகிறது.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகப் பொன்முடிக்குப் போகிறவர்கள் மலை ஏறுமுன் கடைசியாகத் தாண்டும் ஊர்களில் ஒன்று கல்லாறு. உருண்டைப் பாறைகளுக்கு இடையே ஓடும் ஆற்றின் பெயரே ஊருக்கும். நகரத்திலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர். இதற்கு மேல் 22 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றியுள்ள காடுகளில் காணி மக்கள் வாழ்கிறார்கள். அகத்தியமலையின் மறுபுறம் குமரி, நெல்லைப் பக்கங்களிலும் அவர்களுடைய குடியிருப்புகள் உண்டு. தேன் எடுப்பதும் மூலிகை அறிவதும் அவர்களுடைய நெடுங்காலத் தொழில்கள். இப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒரு சிறு வியாபாரி தேனையோ மிளகையோ மூலிகையையோ பெரிய நிறுவனங்களின் சரக்கோடு போட்டியிட்டு விற்க வேண்டுமானால், விளம்பரத்துக்குக் கொட்டப் பணம் கிடையாது. கையில் இருப்பது குப்பி, ஒட்டுத்தாள், மூடி, பெயர் ஆகிய நான்கும்தான். இவற்றை வைத்துப் ‘பிரீமியம்’ என்ற எண்ணத்தை எழுப்ப முடியுமா என்பது வியாபாரக் கேள்வி போலத் தெரிந்தாலும், அதற்குள் பொருளியலும் மூளை அறிவியலும் ஒளியியலும் இருக்கின்றன.

முதலில் தேன் எந்த வகைப் பண்டம் என்று பார்க்க வேண்டும். பொருளியலார் பண்டங்களை, அவற்றின் தரத்தை வாங்குபவர் எப்போது அறிகிறார் என்பதைக் கொண்டு மூன்றாகப் பிரிக்கிறார்கள். கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்துச் சொத்தை இருக்கிறதா என்று கண்டுபிடித்துவிடலாம். அது பார்த்தறி பண்டம். பலாப்பழத்தை அறுத்துத் தின்றால்தான் தெரியும். அது நுகர்ந்தறி பண்டம். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியவர் பிலிப் நெல்சன், 1970இல். மூன்று ஆண்டுகள் கழித்து டார்பி, கார்னி என்ற இருவர் மூன்றாவது வகையைச் சேர்த்தார்கள். வாங்கி, தின்று, செரித்த பிறகும் தரம் தெரியாத பண்டம். வண்டியைப் பழுது பார்த்தவர் உண்மையிலேயே உதிரிப்பாகத்தை மாற்றினாரா என்பது பலருக்குக் கடைசிவரை தெரிவதில்லை. இதை நம்பிக்கைப் பண்டம் எனலாம். தேன் இந்த மூன்றாம் வகை.

அது எவ்வளவு ஆழமாக மூன்றாம் வகை என்பதற்கு ஆய்வுக்கூடங்களே சாட்சி. கரும்பும் மக்காச்சோளமும் காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும் முறை, தேனீக்கள் நாடும் பெரும்பாலான செடிகளின் முறையிலிருந்து வேறு. அதனால் அவற்றின் சர்க்கரையில் கனமான கரி அணுக்களின் விகிதம் சற்றுக் கூடுதலாக இருக்கும். அந்த விகிதத்தை அளந்தால் கரும்புப் பாகு கலந்த தேனைப் பிடித்துவிடலாம். கலப்படக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. தேனீ நாடும் செடிகளின் வழியிலேயே கரியைப் பிடிக்கும் நெல்லின் பாகுக்கு மாறினார்கள். பழைய சோதனை ஏமாந்தது. 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் வெளியிட்ட ஆய்வில், இந்தியாவில் விற்கும் 13 தேன் பிராண்டுகளின் மாதிரிகள் ஜெர்மன் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பப்பட்டு, மூலக்கூறுகளைக் காந்தப்புலத்தில் வைத்துப் படிக்கும் என்.எம்.ஆர். சோதனைக்கு உள்ளாயின. பெரும்பாலானவை தேறவில்லை. உள்நாட்டுச் சோதனைகளில் தேறியவையும் அவற்றில் இருந்தன.

இயந்திரமே ஏமாறும் இடத்தில் வீட்டுச் சோதனைகளால் என்ன செய்ய முடியும்? நல்ல தேனை எறும்பு மொய்க்காது, நாய் நக்காது, தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் போய் நிற்கும், திரியை அதில் நனைத்தால் எரியும் என்றெல்லாம் சொல்வதுண்டு. கெட்டியாகக் காய்ச்சிய எந்தப் பாகும் தண்ணீரில் அடிக்குத்தான் போகும். எறும்புக்கும் இந்த விதி சொல்லித் தரப்படவில்லை.

தரம் தெரியாத சந்தையில் என்ன நடக்கும் என்பதை விளக்கியவர் ஜார்ஜ் ஆக்கர்லாஃப். 1967-68இல் டெல்லியில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் ஓராண்டு இருந்தவர். பழைய கார்ச் சந்தையைப் பற்றிய அவரது கட்டுரையை மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின. 1970இல் நான்காவது இதழ் வெளியிட்டது. அந்தக் கட்டுரையில் நம் வீட்டு முறமும் மறைமுகமாக இருக்கிறது. இந்திய இல்லத்தரசி கடைத்தெருவில் வாங்கிய அரிசியில் வேண்டுமென்றே கலந்த, அதே நிறமும் வடிவமும் கொண்ட கல்லைப் பொறுக்க வேண்டியிருப்பதை அவர் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். வாதம் எளிது. நல்லதையும் கெட்டதையும் பிரிக்க முடியாதபோது வாங்குபவர் நடுத்தர விலைக்கு மேல் தரமாட்டார். நல்ல சரக்கு வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டாது. அவர் சந்தையை விட்டு விலகுவார். மீதியிருக்கும் சரக்கின் சராசரித் தரம் இன்னும் இறங்கும், விலையும் இறங்கும். காட்டுக்குள் போய்ப் பெரிய மரத்தில் ஏறிப் புகை போட்டு எடுத்த தேனும் பாகுத் தேனும் ஒரே மாதிரிக் குப்பியில் நின்றால், மரம் ஏறியவருக்குத்தான் நட்டம்.

இதற்கு மாற்று சைகை. மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் வகுத்த கோட்பாடு இது. ஆக்கர்லாஃபும் அவரும் ஜோசஃப் ஸ்டிக்லிட்ஸும் 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். நல்லவரால் எளிதாகவும் கெட்டவரால் அதிகச் செலவிலும் மட்டுமே காட்டக்கூடிய ஒன்றே உண்மையான சைகை. திருவிழாவுக்கு வந்து பத்து நாளில் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போகும் கடையையும், தெருமுனையில் இரண்டு தலைமுறையாக இருக்கும் மளிகைக் கடையையும் ஒப்பிட்டால் இது விளங்கும். மளிகைக்காரர் தேக்கு அலமாரிக்கும் பெயர்ப் பலகைக்கும் போட்ட பணம், வாடிக்கையாளர்கள் திரும்பத் திரும்ப வந்தால்தான் மீளும். அவர் ஒருமுறை ஏமாற்றினால் அந்தப் பணம் முழுவதும் போனது. அதாவது அலமாரி, அவர் ஊரிடம் கொடுத்து வைத்த பிணையம். பெஞ்சமின் கிளைன், கீத் லெஃப்லர் என்ற இரு பொருளியலார் 1981இல் பிராண்டுக்கு ஆகும் செலவை ஏறத்தாழ இப்படித்தான் விளக்கினார்கள். பெயர் பொறித்த குப்பியும் தனக்கென்று செய்த அச்சு மூடியும் அந்த அலமாரியின் சிறிய வடிவங்கள். யார் வேண்டுமானாலும் ஒரு நாளில் வாங்கக்கூடிய பொன்னிற ஸ்டிக்கர் அப்படிப்பட்டதல்ல. ‘100% சுத்தம்’ என்ற எழுத்தைப் பாகு விற்பவரும் அதே செலவில் அச்சிடலாம். அதனால் அது எதையும் தெரிவிப்பதில்லை.

இதுவரை சொன்னது வாங்குபவர் கணக்குப் போட்டு முடிவெடுக்கிறார் என்ற எண்ணத்தில். நாக்குக்கே வேறாகப் படுவதை இந்தக் கணக்கு விளக்காது. அதற்கு மூளைக்குள் போக வேண்டும்.

மூளை, கண்ணும் நாக்கும் அனுப்புவதை அப்படியே பதிவு செய்யும் கருவியல்ல. அடுத்து என்ன வரும் என்று எப்போதும் ஊகித்துக்கொண்டிருக்கிறது. வரும் தகவலை அந்த ஊகத்தோடு கலந்தே உணர்வாக்குகிறது. டீ என்று நினைத்து வாய் வைத்த டம்ளரில் காபி இருந்தால் முதல் வாய் காபியாகவும் இருப்பதில்லை, டீயாகவும் இருப்பதில்லை, குமட்டும். அதே காபியை அறிந்து குடித்தால் நன்றாக இருக்கும். நாக்கு இரண்டு முறையும் ஒன்றையேதான் அறிவித்தது.

இதை அளந்து காட்டிய சோதனை 2008இல் வெளியானது. கலிபோர்னியாவில் ஹில்கே பிளாஸ்மன் குழுவினர் 20 பேரை மூளை வருடிக்குள் படுக்கவைத்து, குழாய் வழியே ஒயின் ஊட்டினார்கள். ஐந்து ஒயின்கள் என்று சொன்னாலும் இருந்தவை மூன்றுதான். இரண்டு ஒயின்கள் இரண்டு வெவ்வேறு விலைகளில் மீண்டும் வந்தன. ஒன்றுக்கு ஒருமுறை 10 டாலர், மறுமுறை 90 டாலர் என்று சொல்லப்பட்டது. விலை அதிகம் என்றபோது அதே ஒயின் கூடுதலாகப் பிடித்திருந்தது. வெறும் வாய்ப்பேச்சாக இருந்தால் மூளை வருடி தேவையில்லை. நெற்றிக்குப் பின்னால், கண்குழிக்கு மேலே, இன்ப அனுபவத்தோடு தொடர்புடைய பகுதியின் செயல்பாடும் கூடியிருந்தது. சுவையை முதலில் வாங்கும் பகுதிகளில் அப்படி மாற்றம் தெரியவில்லை. பின்னர் விலையைச் சொல்லாமல் கொடுத்தபோது அந்த வேறுபாடு மறைந்தது. இந்தக் கடைசிப் படிதான் சோதனையின் உயிர். அது இல்லாவிட்டால் ஒயினே வேறாக இருந்திருக்கும் என்று யாரும் சொல்லிவிடலாம். அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வு, விலை மறைத்த 6,000க்கும் மேற்பட்ட சுவைப்புகளைத் தொகுத்தது. நிபுணரல்லாதவர்களுக்கு விலையுயர்ந்த ஒயின் கூடுதலாகப் பிடிக்கவில்லை. சற்றுக் குறைவாகவே பிடித்தது. இருபது பேரைக் கொண்ட சோதனை சிறியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது, விலைச் சீட்டு நாக்கில் எதையோ சேர்க்கிறது என்பதை மறுப்பது கடினம்.

உறையிலிருந்து உள்ளிருக்கும் பொருளுக்கு உணர்வு இடம் மாறுவதை அமெரிக்கச் சந்தை ஆய்வாளர் லூயி செஸ்கின் இருபதாம் நூற்றாண்டின் நடுவிலேயே கவனித்துப் பெயரிட்டிருந்தார். தமிழில் உணர்வுப் பெயர்ச்சி எனலாம்.

இப்போது குப்பியைக் கையில் எடுக்கலாம். முதலில் தெரிவது எடை. ஆக்ஸ்ஃபோர்டில் சார்லஸ் ஸ்பென்ஸும் பெட்டினா பிகேராஸ்-ஃபிஸ்மனும் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரே தயிரை வெவ்வேறு எடையுள்ள கிண்ணங்களில் கொடுத்துப் பார்த்தார்கள். கனமான கிண்ணத்தைக் கையில் பிடித்துச் சாப்பிட்டவர்கள் தயிர் அடர்த்தியாக இருப்பதாகவும் விலை கூடுதலாக இருக்கும் என்றும் மதிப்பிட்டார்கள். தேனுக்கு இங்கே ஓர் இயற்கைச் சலுகை உண்டு. அதன் அடர்த்தி தண்ணீரைப்போல ஏறத்தாழ 1.4 மடங்கு. அரை லிட்டர் குப்பியில் 700 கிராம் தேன் பிடிக்கும். குப்பியின் அளவைப் பார்த்துக் கை எதிர்பார்ப்பது தண்ணீரின் எடையை. தூக்கும்போது குப்பி கையைச் சற்றே கீழே இழுக்கிறது. அகலமான, காற்று மிஞ்சிய பிளாஸ்டிக் டப்பாவில் இந்தச் சலுகை வீணாகிறது. கழுத்துவரை நிரம்பிய, அடிக்கண்ணாடி தடித்த சிறு குப்பியில் அது முழுதாகக் கிடைக்கிறது.

எடையைப் பற்றிச் சொல்லப்படும் எல்லாவற்றையும் நம்ப வேண்டியதில்லை. கனமான எழுதுபலகையைக் கையில் வைத்திருப்பவர்கள் தாங்கள் படிக்கும் விஷயத்தையே முக்கியமானதாகக் கருதுகிறார்கள் என்று 2009இல் ஒரு டச்சு ஆய்வு சொன்னது. உலகெங்கும் பத்திரிகைகள் எழுதின. 2015இல் வேறொரு குழு அதைப் போன்ற சோதனையைச் செய்து பார்த்தது, விளைவு கிடைக்கவில்லை. அதுவரை வந்த ஆய்வுகளையும் அலசி, வெற்றி பெற்ற சோதனைகள் மட்டுமே அச்சேறிய அறிகுறிகளைக் காட்டியது. கையில் பிடித்த கிண்ணத்தின் எடை அதிலுள்ள தயிரின் மீது ஏறுவது ஒன்று. பலகையின் எடை கருத்தின் மீது ஏறுவது வேறொன்று. அது சற்றுத் தூரமான தாவல்.

அடுத்தது நிறம். தேனின் நிறத்தை அளக்க பிஃபண்ட் என்ற கருவி உண்டு. ஆப்பு வடிவத் தொட்டியில் தேனை ஊற்றி, அதே ஆப்பு வடிவில் செய்த செம்மஞ்சள் கண்ணாடியோடு ஒப்பிடுவார்கள். இரண்டும் ஒத்துப்போகும் இடத்தை மில்லிமீட்டரில் குறிப்பார்கள்; ஏறத்தாழ நிறமற்ற தேன் 8க்குக் கீழே, கருஞ்சிவப்புத் தேன் 114க்கு மேலே. ஆப்பு வடிவம் ஏன்? மெல்லிய பக்கத்தில் தேன் வெளிறியும், தடித்த பக்கத்தில் இருண்டும் தெரியும் என்பதால். ஒளி கடக்கும் தூரம் கூடக் கூட அது உறிஞ்சப்படுவதும் கூடும். கருவி பயன்படுத்தும் இதே உண்மை குப்பிக்கும் பொருந்தும். கருத்த காட்டுத்தேன் பருத்த உருண்டைக் குப்பியில் தாரைப்போலத் தெரியும்; தட்டையான குப்பியில் வெயில் ஊடுருவிச் செம்பொன்னாக நிற்கும். தேனை மாற்றாமல் நிறத்தை மாற்ற இதைவிட நேர்மையான வழி கிடையாது.

நிறத்தின் தோற்றத்தை அக்கம்பக்கமும் மாற்றும். பாரிசின் கோபலின் நெசவாலையில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த வேதியியலாளர் மிஷேல் செவ்ரல், கறுப்புச் சாயம் சரியில்லை என்ற புகாரைப் பரிசோதித்தார். சாயத்தில் குறையில்லை. கறுப்பு நூலுக்குப் பக்கத்தில் நீலமும் ஊதாவும் வந்ததால் கறுப்பு மங்கித் தெரிந்தது. அடுத்தடுத்த நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக்காட்டும் இந்த விதியை அவர் 1839இல் நூலாக எழுதினார். பளிச்சென்ற மஞ்சள் ஒட்டுத்தாள் நடுவில் இருந்தால் பின்னாலுள்ள தேன் அழுக்கு நிறமாகத் தெரிவதும், அரிசி வெள்ளைத் தாளும் கருப்பு மூடியும் அதே தேனைத் துலக்கிக் காட்டுவதும் செவ்ரலின் புகார்க் கதைதான்.

ஒட்டுத்தாளில் எவ்வளவு இடத்தைக் காலியாக விடுவது என்பதில் வல்லுநர்கள் அதிகம் வாதாடுவார்கள். ‘வெற்றிடம் உயர்தரம்’ என்பது இன்று வடிவமைப்புப் பள்ளிகளில் வேதவாக்கு. இது எங்கிருந்து வந்தது என்று பிரேசியஸ், ஓல்சன், ஓகுவின் என்ற மூவர் 2006இல் ஆராய்ந்தார்கள். வெற்றிடம் நிறைந்த விளம்பரத்தை அமெரிக்க வாசகர்கள் தரம், நம்பிக்கை, முன்னணி நிலை ஆகியவற்றோடு இணைக்கிறார்கள் என்பதைக் காட்டினார்கள். அந்த இணைப்பு இருபதாம் நூற்றாண்டின் கலை, கட்டட இயக்கங்களிலிருந்து வரலாற்றுவழியே கற்றுக்கொள்ளப்பட்டது என்றும் விளக்கினார்கள். கண்ணோடு பிறந்த பண்பல்ல என்றால், வேறு ஊரில் வேறு பொருள் தரலாம். சிவகாசி காலண்டரில் ஓர் அங்குலம் காலியாக இருந்தால் அச்சகத்தார் தாளை மிச்சம் பிடித்துவிட்டார் என்றே தோன்றும். கல்யாணப் பத்திரிகை நிறைவாக இருப்பதுதான் மங்கலம்.

அதற்காகக் கல்லாறு இருக்கும் பழைய திருவிதாங்கூருக்கு வெற்றிடம் புதிதல்ல. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போகும் வழியிலுள்ள பாலராமபுரத்தில் நெய்யும் துணியைப் பார்த்தால் போதும். சாயமேற்றாத பருத்தியின் பழுப்பு வெண்மை உடல் முழுவதும். ஓரத்தில் மட்டும் கசவு என்னும் சரிகைக் கரை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பட்டத்துக்கு வந்த பாலராமவர்மா காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்து வந்து குடியமர்த்தப்பட்ட சாலியர் நெசவாளர்களின் கை வேலை அது. பட்டு நூலில் வெள்ளி சுற்றிப் பொன் பூசிய சரிகையை, காலியான வெண்மை பக்கத்தில் இருப்பதால்தான் கண் உடனே கண்டுகொள்கிறது. அகலமான பூவேலையில் அதே அளவு சரிகை தொலைந்துபோகும். விலையுயர்ந்த பொருளைக் குறைவாகப் பயன்படுத்தி, சுற்றிலும் எதையும் வைக்காமல் விடும் இந்த இலக்கணம் மலையாளிக்கும் குமரி மாவட்டத்துக்காரருக்கும் ஓணத்தன்று கண்ணில் ஏறியிருக்கிறது. கல்லாற்றுத் தேன் குப்பிக்கு ஸ்காண்டிநேவிய வெறுமையைக் கடன் வாங்குவதைவிட, கசவு முண்டின் கரையைப் பார்ப்பது நல்லது என்றே தோன்றுகிறது.

எழுத்திலும் இதேபோல் இருபக்கம் வெட்டும் கண்டுபிடிப்புகள் உண்டு. படிக்க எளிதாக இருப்பதை மூளை நம்பகமானதாகவும் செய்ய எளிதானதாகவும் கொள்கிறது. இதைப் புரிதல் சரளம் எனலாம். 2008இல் சாங், சுவார்ஸ் என்ற உளவியலார் ஓர் உடற்பயிற்சிக் குறிப்பை எளிய எழுத்துருவிலும் தூரிகை எழுத்துருவிலும் அச்சிட்டுக் கொடுத்தார்கள். தூரிகை எழுத்தில் படித்தவர்களுக்கு அந்தப் பயிற்சியே நேரம் பிடிப்பதாகத் தோன்றியது. அப்படியானால் எப்போதும் எளிய எழுத்தா? 2010இல் போசெப்ட்சோவா, லப்ரூ, தார் மூவரும் நேர்மாறானதைக் கண்டார்கள். விசேஷ நாளுக்கு வாங்கும் பாலாடைக்கட்டி போன்ற பண்டத்தில், சற்றுச் சிரமப்பட்டுப் படிக்கும் எழுத்து அதை அரிதானதாகக் காட்டி விருப்பத்தைக் கூட்டியது. அன்றாடப் பண்டத்தில் குறைத்தது. ஆகவே குப்பியின் பெயருக்கு மட்டும் கையெழுத்துச் சாயல் பொருந்தலாம். தேன் எந்தக் காட்டிலிருந்து, எந்த மாதம் எடுக்கப்பட்டது என்பதற்கு அது பொருந்தாது. தமிழிலும் மலையாளத்திலும் இன்னொரு சிக்கல்: சுழிகளும் கொம்புகளும் மேலும் கீழும் நீளும் எழுத்துகள் இவை. ஆங்கிலத்துக்கு அமைத்த வரி இடைவெளியில் இவற்றைத் திணித்தால் மேல்வரியின் கீழ்ச்சுழி கீழ்வரியின் மேற்சுழியில் மோதும். பல ஒட்டுத்தாள்கள் மலிவாகத் தெரிவதற்கு இந்த நெரிசலே காரணம், பணம் காரணமல்ல.

குப்பியின் பின்பக்கம் பலருக்குத் தொல்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண், நிகர எடை, அதிகபட்ச விலை, தொகுதி எண், தேதி, முகவரி என்று சட்டம் கேட்பவை எல்லாம் அங்கே இருக்கும். வடிவமைப்பாளர்கள் இதைச் சின்ன எழுத்தில் ஒளித்துவிடப் பார்ப்பார்கள். மைக்கேல் ஸ்பென்ஸின் சைகைக் கோட்பாட்டுப்படி குப்பி முழுவதிலும் கனமான சைகை இதுதான். பொய் சொன்னால் ஆள் பிடிபடக்கூடிய ஒரே பகுதி. தேனுக்கு இங்கே சொல்ல வேண்டியவையும் நிறைய. கேரளத்திலும் குமரியிலும் வளர்ப்புத் தேனீக்கள் தரும் தேனில் பெரும்பங்கு ரப்பர் மரத்தின் தளிர் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பு நீரிலிருந்து வருவது; அது விரைவில் உறையும். உறைந்த தேனைக் கண்டதும் சர்க்கரை கலந்துவிட்டார்கள் என்று குப்பியைத் திருப்பிக் கொண்டுவருபவர்கள் உண்டு. தேனிலுள்ள குளுக்கோஸ் படிகமாவதே அது, வெந்நீரில் குப்பியை வைத்தால் இளகும் என்று இரண்டு வரி எழுதுவதும் வடிவமைப்பு வேலைதான். கொடுக்கில்லாத சிறு தேனீ தரும் கொசுத்தேனில் ஈரம் அதிகம். புளித்து வாயு கிளம்பினால் மூடி கசியும். கசிந்த தேன் ஒட்டிய விரல், அதற்கு முன் கண்ணும் கையும் செய்த ஊகங்கள் அனைத்தையும் ஒரே நொடியில் கலைத்துவிடும். ஆகவே நல்ல மூடிக்குச் செலவிட்ட பிறகு மீதிப் பணம் இருந்தால் பொன் அச்சைப் பற்றி யோசிக்கலாம்.

குப்பியும் தாளும் இல்லாமலே நம்பிக்கைப் பண்டம் விற்க முடியாதா என்றால், கல்லாற்றிலேயே மறுமொழி உண்டு. 2018இல் பத்மஸ்ரீ பெற்ற காணி மருத்துவர் லட்சுமிக்குட்டி அம்மா இந்தக் காட்டுக்காரர். ஏறத்தாழ 500 மூலிகை மருந்துகளை நினைவிலிருந்தே தயாரிப்பவர் என்று அறியப்பட்டவர். ஓலைக் குடிசைக்கு நோயாளிகள் தேடி வந்தார்கள். பல பத்தாண்டுப் பெயர்தான் அங்கே சைகை. அதைவிடச் செலவு பிடித்த சைகை வேறில்லை. ஆனால் அது ஆளோடு இருக்கும், குப்பியில் ஏறி ஊர் தாண்டிப் போகாது.

காணிகளின் அறிவு குப்பியில் ஏறிப் போன கதையும் இந்தப் பகுதியினுடையதே. 1987இல் அகத்தியமலைக் காட்டுக்கு ஆய்வுக்குப் போன அறிவியலாளர்கள், வழிகாட்டிய காணிகள் களைப்புத் தெரியாமல் நடக்க ஏதோ காயைத் தின்பதைக் கவனித்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற செடி அது. பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா நிறுவனம் அதை அடிப்படையாக வைத்து ‘ஜீவனி’ என்ற ஊக்க மருந்தை உருவாக்கி, 1995இல் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 சதவீத உரிமத்தொகைக்கும் தயாரிப்பு உரிமை அளித்தது. இரண்டிலும் பாதி காணிகளுக்கு. பணத்தைப் பெற 1997இல் அறக்கட்டளை பதிவானது. காட்டறிவுக்குப் பங்கு கொடுத்த இந்த ஏற்பாடு உலகெங்கும் பேசப்பட்டது. எந்தச் சிறு பிராண்டும் ஏங்கும் மூலக்கதை, பொய்யில்லாத கதை. ஆனால் பெயருக்கு வேலி போடுவதில் பின்தங்கினார்கள். அமெரிக்காவில் வேறொரு நிறுவனம் ‘ஜீவனி’ என்பதைத் தன் வணிகக் குறியாகப் பதிந்துகொண்டது. பிணையமாக நிற்க வேண்டிய பெயர் இன்னொருவர் கைக்குப் போனால், அதன்மேல் செய்த வடிவமைப்புச் செலவெல்லாம் அவருக்கு வைத்த மொய்.

தனியாளுக்குப் பெரிதாகப்படும் இந்த வேலியை ஊராகச் சேர்ந்து போட முடியும். 2003இல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டம் அதற்கான வழி. பாலராமபுரம் துணியும் ஆரன்முளைக் கண்ணாடியும் அதைப் பெற்றிருக்கின்றன; மார்த்தாண்டம் தேனுக்கு 2023இல் கிடைத்தது. அந்தத் தேனுக்குப் பின்னால் நூறாண்டு வேலை இருக்கிறது. மார்த்தாண்டம் திருவிதாங்கூரில் இருந்த 1920களில், ஒய்.எம்.சி.ஏ.வின் ஊர்ப்புற மறுசீரமைப்பு மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹேட்ச் விவசாயிகளுக்குப் பெட்டித் தேனீ வளர்ப்பைப் பரப்பினார். பானைப் பிழிசலின் இடத்தில் தெளிந்த தேன் வந்தது. பெயர் பிறகு வந்தது.

ஒரு குறிப்பிட்ட குப்பி வேலை செய்கிறதா என்பதை அறிய மூளை வருடி வேண்டாம். சுவை வேறுபாடு உண்மையா என்று பார்க்க மூன்று கிண்ணச் சோதனை போதும். இரண்டில் ஒரே தேன், ஒன்றில் வேறு. கண்ணை மூடிக்கொண்டு வேறானதைக் கண்டுபிடிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் மூன்றில் ஒரு முறை சரியாக வரும். அதைவிடத் தெளிவாக அதிகமாக வந்தால்தான் நாக்கு உண்மையில் ஏதோ அறிகிறது. விற்பனையைச் சோதிக்க இரண்டு குப்பிகளையும் மாறி மாறி வைத்து எண்ணலாம். ஒரு வாரம் இது, மறுவாரம் அது என்று வைத்தால் மழையும் விடுமுறையும் கணக்கைக் கெடுக்கும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் புதுக் குப்பியின் வெற்றி என்று எண்ணிவிடுவது எளிது. நாணயத்தைச் சுண்டி, பூ விழுந்தால் இன்று பழையது, தலை விழுந்தால் புதியது என்று இரண்டு மூன்று மாதம் நடத்தினால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் அடங்கும்.

கல்லாற்றில் இன்னொரு வசதியும் இருக்கிறது. பொன்முடிச் சாலை உச்சியோடு முடிந்துவிடுகிறது. போன வண்டி இதே வழியில்தான் திரும்பியாக வேண்டும். காலையில் ஏறும்போது சின்னக் குப்பி ஒன்றை வாங்கியவர், மேலே மூடுபனியில் அதைத் திறந்து ரொட்டியில் தடவித் தின்றிருப்பார். மாலையில் இறங்கும்போது அவர் வண்டியை ஓரம் கட்டிப் பெரிய குப்பி கேட்கிறாரா என்று தனிப் பத்தியில் எழுதி வரலாம். காலைப் பத்தியில் ஏறும் எண் குப்பியினுடையது. மாலைப் பத்தியில் ஏறுவது பெரும்பாலும் தேனுடையது.